விடைபெறுதலும் வழிபாடே

வீட்டை விட்டுப் புறப்படுகிறவர் ‘போகிறேன்’ என்று சொன்னால் நம் வீட்டுப் பெரியவர்கள் உடனே திருத்துவார்கள். ‘போய் வருகிறேன் என்று சொல்’ என்பார்கள். திரும்பி வராத பயணமாக இருந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும். உறவை அறுத்துக்கொண்டு போகாதே, திரும்பி வந்தால் முகம் கொடுத்துப் பேசும்படியாகப் போ என்பதே அந்தத் திருத்தத்தின் உட்பொருள். மற்றொரு சொல்லும் நம்மிடம் உண்டு. விடை என்பது புறப்படுவதற்குப் பெறும் அனுமதியையும் குறிக்கும், கேள்விக்குத் தரும் பதிலையும் குறிக்கும். ஒருவர் ஓரிடத்தில் எவ்வாறு வாழ்ந்தார் என்ற கேள்விக்கு, அவர் அங்கிருந்து விடைபெற்ற விதமே பல நேரங்களில் விடையாக அமைந்துவிடுகிறது.

வேலையில் சேர்வது எப்படி என்று இளைஞர்களுக்குக் கற்பிக்க எத்தனையோ பயிற்சி வகுப்புகள் உள்ளன. வேலையிலிருந்து விலகுவது எப்படி என்று கற்பிப்பாரைக் காண்பது அரிது. ‘அதற்கு என்ன பாடம் வேண்டியிருக்கிறது? ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போயிற்று’ என்று தோன்றலாம். ஆனால் கர்மயோகத்தைப் பயில விரும்பும் ஒருவருக்கு, வேலையில் சேரும் நாளைவிட விலகும் நாட்களே கடினமான தேர்வு.

ஓர் இளைஞரின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன்பு ஹைதராபாதில், தோமல்குடாவில் உள்ள ராமகிருஷ்ண மடத்தில் சில நாட்கள் தங்க நேர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆரதி முடிந்தபின், தமிழகத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து பேசினார். அமீர்பேட்டையில் ஒரு சந்தில் இயங்கும் சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் அவர் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றி வந்தார். முதலாளியையும் சேர்த்து அங்கே பதினான்கு பேர். சிறு மருத்துவமனைகளுக்குக் கணக்கு எழுதும் மென்பொருளைத் தயாரித்துப் பராமரிப்பது அவர்கள் தொழில்.

கச்சிபௌலியில் ஒரு பெரிய நிறுவனம் அவரை வேலைக்கு அழைத்திருந்தது. சம்பளம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பதினைந்து நாட்களுக்குள் சேர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பழைய நிறுவனத்தின் நியமனக் கடிதத்தில், விலகுவதற்கு ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும் என்று இருந்தது. தசரா பண்டிகைக்கு இன்னும் பத்து நாட்கள். அப்போது ஒரு மாதச் சம்பளம் போனஸாகக் கிடைக்கும்.

அவர் சொன்ன திட்டம் இதுதான்: ‘போனஸ் வங்கிக் கணக்கில் ஏறியதும் மின்னஞ்சலில் ராஜினாமாவை அனுப்பிவிட்டுத் தொலைபேசியை அணைத்துவிடலாம் என்றிருக்கிறேன், மகராஜ். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஓராண்டாகச் சம்பளமும் இரண்டு மூன்று வாரம் தாமதமாகவே வருகிறது. அவர்கள் ஒழுங்காக இல்லாதபோது நான் மட்டும் ஏன் ஒழுங்காக இருக்க வேண்டும்?’

‘அப்படியானால் என்னிடம் ஏன் கேட்கிறீர்கள், தம்பி?’ என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: ‘என் அப்பாவுக்கு இருதய அறுவை சிகிச்சை நடந்தபோது சார் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார். எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வாங்கவில்லை. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார், கடன் அடைந்துவிட்டது. ஆனாலும் அந்த இரவு நினைவுக்கு வருகிறது.’

அவருடைய கேள்வி வெறும் வேலை பற்றிய கேள்வி அன்று. நிறுவனம் தந்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மனிதர் தந்த நம்பிக்கையை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை. அவருடன் நிகழ்ந்த உரையாடலையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

மூன்று வகைத் துறத்தல்

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயத் தொடக்கத்தில் அர்ஜுனன் கேட்பது துறத்தலைப் பற்றித்தான். சன்னியாசம் எது, தியாகம் எது என்று அவன் வினவ, பகவான் தியாகத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டுகிறார். செய்ய வேண்டிய கடமையை அறியாமை மயக்கத்தால் கைவிடுவது தாமச தியாகம். செய்தால் சிரமம், உடலுக்கு வருத்தம் என்று அஞ்சிக் கைவிடுவது ராஜச தியாகம். அவ்வாறு விடுகிறவனுக்குத் துறவின் பலன் கிட்டுவதில்லை. செய்யத் தக்கது என்பதற்காகவே கடமையைச் செய்து, அதில் உள்ள பற்றையும் பலனையும் விடுவது சாத்விக தியாகம்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். கீதை பேசுவது நியத கர்மத்தை, அதாவது விதிக்கப்பட்ட கடமையைப் பற்றி. மாதச் சம்பளத்துக்குச் செய்யும் வேலை அத்தகையதா? ஒரு நிறுவனத்தில் வாழ்நாள் முழுவதும் இருந்தே தீர வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. வேலையை மாற்றிக்கொள்வது பாவமன்று. குடும்பத்தைக் காப்பதற்காகக் கூடுதல் ஊதியம் தேடுவது இல்லறத்தானுக்கு இயல்பான கடமையே. ஆயினும் வேலையை விடலாம் என்பதால், வேலையில் இருக்கும் கடைசி நாள் வரை அதன் கடமைகளை விட்டுவிடலாம் என்று ஆகிவிடாது. எந்த நாள் வரை ஒரு பொறுப்பை ஏற்றிருக்கிறோமோ, அந்த நாள் மாலை வரை அது நமக்கு நியத கர்மமே.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் விலகல்கள் மூன்றும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். கோபத்தில் மேசையைத் தட்டிவிட்டு வெளியேறுவது தாமச விலகல். முதலாளியின் முகத்தைப் பார்க்க அஞ்சி, மின்னஞ்சலை அனுப்பிவிட்டுத் தொலைபேசியை அணைத்துவிடுவது ராஜச விலகல். நேரில் சொல்லி, பொறுப்பை ஒப்படைத்து, அதற்குப் பாராட்டையும் எதிர்பாராமல் புறப்படுவது சாத்விக விலகல். மூன்றிலும் வேலை போவது ஒன்றே. மனத்தில் தங்குவது மட்டும் வேறு வேறு.

பற்றவும் தெரிய வேண்டும், விடவும் தெரிய வேண்டும்

1900-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் சுவாமி விவேகானந்தர் செயலின் ரகசியத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். குறிக்கோளுக்குத் தரும் கவனத்தை வழிமுறைக்கும் தர வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. ஒரு செயலில் முழு மனத்தோடு ஈடுபடும் ஆற்றலும், வேண்டியபோது அதிலிருந்து மனத்தை முழுமையாக விடுவித்துக்கொள்ளும் ஆற்றலும் ஒருங்கே அமைய வேண்டும் என்று அவர் அதில் விளக்குகிறார்.

நம்மில் பலருக்கு இந்த இரண்டுமே அரைகுறை. பணியில் இருக்கும்போது மனம் வேறு வேலையைத் தேடி அலைகிறது. பணியை விட்டபின் மனம் பழைய அலுவலகத்தையே சுற்றி வருகிறது. ‘எனக்கு அப்படிச் செய்தார்களே’ என்று பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் புலம்புகிறவர் உண்மையில் இன்னும் ராஜினாமா செய்யவில்லை. கடிதம் கொடுத்தது கை. மனம் இன்னும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

இதே நகரில் ஒரு நிகழ்ச்சி

இளைஞர் போனஸைப் பற்றி மீண்டும் கேட்டார்: ‘அது கடந்த ஆண்டு முழுவதும் நான் உழைத்த உழைப்புக்குத் தருவதுதானே? அதை வாங்கிக்கொள்வதில் என்ன தவறு?’

நியாயமான கேள்வி. செய்த உழைப்புக்கு உரியதைப் பெறுவதில் தவறேதும் இல்லை. ஆனால் விஷயம் தெரிந்தால் அவர் தரமாட்டார் என்று எண்ணி, அதற்காகவே விஷயத்தை மறைத்து வைத்துப் பெறும்போது, நாம் வாங்குவது பணத்தை மட்டும் அன்று. அவருடைய அறியாமையையும் சேர்த்தே விலையாக்கிக்கொள்கிறோம்.

அப்போது அவருக்கு ஹைதராபாதில் நிகழ்ந்த ஒன்றை நினைவூட்டினேன். 1893-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் இந்நகருக்கு வந்தார். 13-ஆம் நாள் செகந்திராபாத் மெஹபூப் கல்லூரியில், தாம் மேலைநாடு செல்ல விரும்புவதன் நோக்கத்தைப் பற்றி ஏறத்தாழ ஆயிரம் பேர் கூடிய அவையில் உரையாற்றினார். அந்த நாட்களில் அவரைச் சந்தித்த நவாப் சர் குர்ஷித் ஜா, பயணச் செலவுக்காக 1000 ரூபாய் தர முன்வந்தார். சுவாமிஜி அப்போது கையில் பணமில்லாத பரிவ்ராஜகர். பயணத்துக்குப் பணம் தேவை என்பதும் உண்மை. ஆயினும் அவர் அதைப் பெற்றுக்கொள்ளவில்லை. இறைவனின் ஆணை இன்னும் வரவில்லை. வரும்போது தெரிவிக்கிறேன் என்ற கருத்துப்படச் சொல்லிவிட்டார். உறுதியாகாத ஒரு காரியத்தின் பெயரால் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். துறவியின் நிலை வேறு, இல்லறத்தானின் நிலை வேறு என்பது உண்மைதான். எனினும், கொடுப்பவர் எதை நம்பிக் கொடுக்கிறாரோ அது மெய்யாக இருக்க வேண்டும் என்ற நெறி இருவருக்கும் பொதுவானது.

மகேந்திரநாத் குப்தரின் ராஜினாமா

நம் அன்பர்கள் ‘ம’ என்று அன்போடு அறியும் மகேந்திரநாத் குப்தர், பண்டிதர் ஈசுவர சந்திர வித்யாசாகர் நிறுவிய மெட்ரோபாலிடன் கல்வி நிறுவனத்தின் சியாம்புகூர் கிளைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தார். பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் நோய்வாய்ப்பட்டிருந்த காலம் அது. ‘ம’ அடிக்கடி அவரைக் காணச் சென்றுவந்தார். அந்த ஆண்டு மாணவர்களின் தேர்வு முடிவுகள் எதிர்பார்த்தபடி அமையவில்லை. பரமஹம்சரிடம் அதிகமாகச் செல்வதே அதற்குக் காரணம் என்று வித்யாசாகர் குறிப்பிட்டார். ‘ம’ உடனே பதவியிலிருந்து விலகிவிட்டார். அவர் குடும்பஸ்தர், அடுத்த வேலை எதுவும் கையில் இல்லை. செய்தியைக் கேட்ட ஸ்ரீராமகிருஷ்ணர், சரியாகவே செய்தாய் என்று மும்முறை சொல்லி அதை ஏற்றுக்கொண்டார். அதன்பின் சுரேந்திரநாத் பானர்ஜி அவரை ரிப்பன் கல்லூரிக்கு அழைத்துக்கொண்டார்.

இதைக் கேட்ட இளைஞர், ‘அப்படியானால் அவரும் உடனேதானே விலகினார்?’ என்றார். ஆம், உடனே விலகினார். ஆனால் மறைவாக விலகவில்லை. தம்முடைய குருபக்தி வேலைக்கு இடையூறு என்று நிர்வாகி கருதுகிறார் என்று தெரிந்ததும், அந்தக் கருத்தோடு சம்பளம் வாங்கிக்கொண்டிருக்க அவர் விரும்பவில்லை. அதற்கும் மேலாக நாம் கவனிக்க வேண்டியது, அவர் அதன்பின் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதே.

1882-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் நாள் ஸ்ரீராமகிருஷ்ணரை வித்யாசாகரின் இல்லத்துக்கு அழைத்துச் சென்றவர்களுள் ‘ம’வும் ஒருவர். அந்தச் சந்திப்பை அவர் தமது ஸ்ரீராமகிருஷ்ண கதாமிருதத்தில் எழுதியிருக்கிறார். அந்நூலின் முதல் பாகம் வெளிவந்தது 1902-இல். வித்யாசாகர் மறைந்தது 1891-இல். தம்மைக் குறைகூறிய பழைய நிர்வாகி உயிரோடு இல்லை. பேனா தம் கையில். மனத்தில் கசப்பு இருந்திருந்தால் ஒரு வரியிலாவது அது கசிந்திருக்கும். ஆனால் அந்தப் பக்கங்களில் நாம் காண்பது, வித்யாசாகரின் கல்வி, கருணை, எளிமை ஆகியவற்றைப் போற்றும் வரிகளையே. வேலையை விட்டார், மதிப்பை விடவில்லை.

திருவாவடுதுறையிலிருந்து கும்பகோணத்துக்கு

நம் தமிழ்நாட்டிலேயே ஓர் அழகிய எடுத்துக்காட்டு உண்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-இல் மறைந்தபின், அவர் மாணவரான உ.வே. சாமிநாதையர் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் இருந்து பாடம் சொல்லிவந்தார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வுபெற விரும்பினார். அவர் தாம் விலகினால் போதும் என்று இருந்துவிடவில்லை. தமக்குப் பின் அந்த இடத்தில் தகுதியுள்ளவர் அமர வேண்டும் என்று எண்ணி, திருவாவடுதுறைக்கே வந்து சாமிநாதையரைக் கேட்டார். பிரிய மனமில்லாதிருந்த தேசிகர் பின்னர் இசைந்து, ஆசி கூறி அனுப்பிவைத்தார். 1880-இல் சாமிநாதையர் கல்லூரிப் பணியில் சேர்ந்தார்.

இங்கே ஒரே நிகழ்ச்சியில் மூன்று பேர் மூன்று பாடங்களைக் கற்பிக்கிறார்கள். தம் இடத்துக்குத் தகுந்தவரைத் தேடித் தந்துவிட்டு விலகியவர் செட்டியார். சொல்லாமல் போகாமல், விடைபெற்றுப் புறப்பட்டவர் சாமிநாதையர். பிரிவு வருத்தம் தந்தாலும் இளையவரின் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்காதவர் தேசிகர். முதலாளிகளாக இருக்கும் அன்பர்கள் இந்த மூன்றாவது பாடத்தைத் தங்களுக்காக எடுத்துக்கொள்ளலாம். கல்லூரியில் சேர்ந்த பிறகும் சாமிநாதையருக்கும் மடத்துக்கும் இடையே இருந்த அன்பு குறையவில்லை. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிக்கும் பெரும்பணியில் அவர் இறங்கியபோது, மடத்தின் ஏட்டுச்சுவடிகளும் ஆதரவும் அவருக்குத் துணைநின்றன. வாயிலைச் சாத்தாமல் புறப்பட்டவருக்கு அந்த வாயில் என்றும் திறந்தே இருந்தது.

சிறிய நிறுவனத்தின் தனித்தன்மை

பெரிய நிறுவனத்தில் விலகுவதற்கென்று ஒரு துறையே இருக்கும். படிவத்தை நிரப்பினால் போதும்; ஒருவர் போனால் மற்றொருவர் வருவார். பதினான்கு பேர் வேலைசெய்யும் இடத்தில் அப்படியில்லை. அங்கே ராஜினாமாவை ஒரு முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் போனால் பதினான்கில் ஒரு பங்கு போகிறது. சில பொறுப்புகள் அந்த ஒருவர் தலையில் மட்டுமே இருக்கும். அந்த இளைஞரின் விஷயத்தில், மூன்று மருத்துவமனைகளின் கணினிகளுக்கான கடவுச்சொற்கள் அவர் ஒருவருக்கே தெரியும். அவர் தொலைபேசியை அணைத்துவிட்டால் சிரமப்படப்போவது முதலாளி மட்டுமல்லர். மருந்துக் கட்டணம் செலுத்த வரிசையில் நிற்கும் நோயாளியும்தான். அவரோ இவருக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை.

ஆகவே விலகும்போது கடைப்பிடிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலாவது, உண்மையை உரியவரிடம் முதலில் சொல்ல வேண்டும். சக ஊழியர்கள் எல்லோருக்கும் தெரிந்தபின் முதலாளிக்குத் தெரிவது அவரை அவமதிப்பதாகும். தனியாக நேரம் கேட்டு, நேரில் சொல்லி, அதன்பின் கடிதம் தர வேண்டும். கடிதத்தில் தேதி, வகிக்கும் பொறுப்பு, பணியின் கடைசி நாள், பொறுப்பை ஒப்படைக்கும் உறுதி, ஒரு வரி நன்றி ஆகியவை இருந்தால் போதும். மனக்குறைகளைப் பட்டியலிடும் இடம் அதுவன்று.

இரண்டாவது, பொய்க் காரணம் கூறக் கூடாது. ‘ஊரில் அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை’ என்று சொல்லிவிட்டு மறுவாரம் அதே நகரில் வேறு அலுவலகத்துக்குப் போகிறவர் உண்டு. எல்லாவற்றையும் விவரிக்க வேண்டும் என்பதில்லை. சொல்வது மட்டும் மெய்யாக இருக்க வேண்டும். ‘வளர்ச்சிக்கு வேறு வாய்ப்பு கிடைத்திருக்கிறது’ என்பதே போதுமான உண்மை.

மூன்றாவது, முடிவு செய்யாமல் பேசப் போகக் கூடாது. சம்பளத்தை உயர்த்தித் தந்தால் இருந்துவிடலாம் என்ற எண்ணத்தோடு ராஜினாமாவை நீட்டுவது பேரமே ஆகும். சம்பள உயர்வு வேண்டுமானால் அதை நேராகக் கேட்பதே முறை.

நான்காவது, தெரிந்ததை எல்லாம் எழுதிவைக்க வேண்டும். முடிந்த வேலை, முடியாத வேலை, வாடிக்கையாளர்களின் தேவைகள், கடவுச்சொற்கள் ஆகியவற்றை முறையாக ஒப்படைக்க வேண்டும். மடிக்கணினி, அடையாள அட்டை, சாவி, சிம் அட்டை ஆகியவற்றைத் திருப்பிக் கொடுத்து அதற்கான எழுத்துச் சான்றைப் பெற வேண்டும். நிறுவனத்தின் நிரல்களையோ வாடிக்கையாளர் பட்டியலையோ நகலெடுத்துச் செல்வது அஸ்தேயம் என்னும் கள்ளாமைக்கு விரோதம். கண்ணுக்குத் தெரியாத பொருளாக இருந்தாலும் திருட்டு திருட்டே.

ஐந்தாவது, தமக்கு உரியதைப் பணிவோடும் தெளிவோடும் கேட்டுப் பெற வேண்டும். பற்றின்மை என்பது உரிமையைப் பறிகொடுப்பதன்று. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, வேலையை ராஜினாமா செய்தவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பணியாற்றியவருக்குக் கிராஜுவிட்டி உண்டு. பணி விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, வருமான வரிப் பிடித்தச் சான்று ஆகியவற்றையும் மறவாமல் கேட்க வேண்டும். குறிப்பிட்ட காலம் பணிபுரிவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், அதை மீண்டும் படித்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். இடையில் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி விதித்திருந்த நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கொடுத்த வாக்குக்கு விலை உண்டு.

கடிதம் கணக்கை முடிப்பதில்லை

ஹைதராபாதின் அண்மை வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட ராஜினாமாக் கடிதம் ஒரு சிறிய நிறுவனத்தினுடையது அன்று. 2009-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள், சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனத்தின் தலைவர் பதவி விலகி எழுதிய கடிதம் அது. நிறுவனக் கணக்கில் காட்டப்பட்டிருந்த 5,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை உண்மையில் இல்லை என்று அதில் அவரே தெரிவித்திருந்தார். ஆயிரக்கணக்கான ஊழியர்களின் குடும்பங்கள் கலங்கிப்போயின. எவரையும் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. கணக்கு என்பது விலகும் நாளில் ஒரு கடிதத்தால் நேராக்கப்படுவதன்று. பணியாற்றும் ஒவ்வொரு நாளும் நேராக இருக்க வேண்டியது. பெரியவர்களின் கணக்குக்குப் பொருந்துவது நம் சிறிய கணக்குக்கும் பொருந்தும். ஒவ்வொரு மாலையும், ‘இன்றே நான் விலக நேர்ந்தால் எதையேனும் மறைக்க வேண்டியிருக்குமா?’ என்று கேட்டுக்கொள்கிறவர் எந்த நாளிலும் அச்சமின்றி விடைபெறலாம்.

உடனே விலக வேண்டிய இடமும் உண்டு

பொறுமையின் பெயரால் அநீதிக்குத் துணைபோகக் கூடாது. பொய்க்கணக்கு எழுதச் சொன்னாலோ, பிறரை ஏமாற்றச் சொன்னாலோ, மானத்துக்கும் பாதுகாப்புக்கும் ஊறு நேர்ந்தாலோ, அங்கே மேலும் ஒரு நாள் இருப்பதும் கடமையாகாது. இராமாயணத்தில் விபீஷணன் காட்டும் வழி இதுவே. சபையில் அனைவர் முன்னிலையிலும் தமையனுக்கு நன்மையை எடுத்துரைத்தான். கேட்காமல் இகழ்ந்தபோது நான்கு துணைவர்களோடு வெளியேறினான். புறப்படும்போதும் தமையனுக்கு நலமே கூறிச் சென்றான் என்கிறார் வால்மீகி. சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரே சொன்னவனுக்கு முதுகுக்குப் பின்னே தூற்ற வேண்டிய தேவை இருப்பதில்லை.

அந்த இளைஞரின் நிறுவனத்தில் இத்தகைய அநீதி ஏதும் இல்லை. சம்பளம் தாமதமாயிற்று, அது குறையே. ஆனால் பிறருடைய குறை நம் கடமைக்கு விடுமுறை தருவதில்லை. அவர் என்னிடம் கேட்ட ‘நான் மட்டும் ஏன் ஒழுங்காக இருக்க வேண்டும்?’ என்ற கேள்விக்குக் கர்மயோகம் தரும் விடை எளியது: ஒழுங்கு அவர்களுக்காக நாம் தரும் விலையன்று; நம் மனத்துக்காக நாம் செய்யும் சாதனை.

பலனில்லாத முப்பது நாட்கள்

பலனை எதிர்பாராமல் பணிசெய்வது எப்படி என்று அன்பர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. சம்பள உயர்வு, பதவி உயர்வு, மேலதிகாரியின் நற்பெயர் என்று ஏதாவது ஒன்று எப்போதும் கண்முன்னே ஆடிக்கொண்டிருக்கையில், நம் செயல் பலனுக்காகவா, செயலுக்காகவா என்பதை நாமே அறிய முடிவதில்லை. ராஜினாமா கொடுத்தபின் வரும் முன்னறிவிப்புக் காலத்தில் அந்தத் திரை விலகிவிடுகிறது. இனி உயர்வு இல்லை; பாராட்டும் பெரும்பாலும் இல்லை; முகம்கொடுத்துப் பேசுவோரும் குறைவு. அந்த நிலையிலும் ஒருவர் குறித்த நேரத்துக்கு வந்து, முதல் நாளின் அக்கறையோடு பணியாற்றினால், அவர் செய்வது கலப்பில்லாத கர்மயோகம். நான்கு ஆண்டுகளில் கிடைக்காத சாதனை வாய்ப்பு அந்த முப்பது நாட்களில் கிடைக்கிறது. ‘இவ்வளவுதான், இனி எதற்கு?’ என்று அதை வீணாக்குவது, தியானத்துக்கு அமர்ந்து மனம் அடங்கத் தொடங்கும் வேளையில் எழுந்து போவதைப் போன்றது.

அவர் எழுதிய கடிதம்

ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பிறகு அந்த இளைஞரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் மறுநாளே முதலாளியிடம் நேரில் சொல்லியிருக்கிறார். அவர் கோபப்பட்டார், ஒரு வாரம் பேசவில்லை. தசராவுக்கு மற்றவர்களுக்குப் போனஸ் வந்தது, இவருக்கு வரவில்லை. அன்றிரவு உறங்க முடியவில்லை என்றும், உங்கள் பேச்சைக் கேட்டது தவறோ என்று நினைத்தேன் என்றும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். புதிய நிறுவனத்தாரிடம் நிலைமையைச் சொல்லிக் கேட்டபோது, ஒரு மாதம் காத்திருக்க இசைந்தார்கள்.

அந்த மாதம் முழுவதும் அவர் தினமும் மாலையில் ஒரு மணி நேரம் அமர்ந்து, தமக்குத் தெரிந்த அனைத்தையும் ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதினார். கடைசி நாளில் அதை முதலாளியிடம் கொடுத்தார். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, விடுவிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ‘இனிமேல் வருகிற பிள்ளைகளுக்கு இதை வைத்துச் சொல்லித் தருகிறேன்’ என்றார். பிறகு, ‘அப்பாவின் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது?’ என்று விசாரித்தார்.

கடிதத்தின் முடிவில் இளைஞர் எழுதியிருந்தார்: ‘போனஸ் வரவே இல்லை, மகராஜ். இனியும் வராது. ஆனால் அமீர்பேட்டை வழியாகப் போகும்போது அந்தச் சந்தைத் தவிர்த்துச் சுற்றிப் போக வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. சென்ற வாரம் உள்ளே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தேன்.’

ஒரு மாதச் சம்பளத்தை இழந்தது உண்மையான இழப்பே. அதைச் சிறிதென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அதை இழந்த அவரே, அதற்கு ஈடாகத் தமக்கு எது கிடைத்தது என்பதையும் அறிந்திருக்கிறார். ‘போய் வருகிறேன்’ என்று சொல்லிப் புறப்பட்டவர் போய் வந்தார்.

சிந்தனைக்கு

1. நான் விட்டுவந்த பணிகளில், இன்றும் என் மனத்தால் விட முடியாதது எது? அதற்குக் காரணம் பற்றா, கசப்பா, குற்றவுணர்வா?

2. இன்று நான் வகிக்கும் பொறுப்பில் என் ஒருவருக்கு மட்டுமே தெரிந்தவை எவை? அவற்றை வேறு ஒருவருக்குக் கற்பித்திருக்கிறேனா?

3. விடைபெறாமல் நான் பிரிந்து வந்தவர் எவரேனும் உண்டா? இன்று அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதத் தடையாக இருப்பது எது?